பிரேக் எந்தப் பக்கம்

புல்லட் வைத்திருப்பவனிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. யெஸ்டி வைத்திருப்பவனிடம் கொடுத்தால் திரும்ப வாங்கவே முடியாது. நானும் ரஷீதும் பத்து வருஷம் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். திருவொற்றியூரில் ஒரு இரும்புக் குழாய் கம்பெனியில் லேத் ஓட்டுகிற எனக்கு எழுபத்தெட்டாம் வருஷத்துப் புல்லட். வண்ணாரப்பேட்டையில் லுங்கி மொத்த வியாபாரம் செய்த ரஷீதுக்குச் சிவப்பு யெஸ்டி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்டையார்பேட்டை டீக்கடை வாசலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எங்கள் சண்டை கடைக்காரருக்கு மனப்பாடம். யாராவது ஒருவன் வராவிட்டால் அவன் பங்கையும் அவரே பேசிவிடுவார்.

“நீ ஆம்பியர் முள்ளப் பாத்து, கம்ப்ரஷன் எடுத்து, சாமி கும்புட்டு ஒதைக்கிறதுக்குள்ள நான் இன்னொரு டீயே குட்ச்சிடுவேன் மாமு,” என்பான் ரஷீது.

“உன்னுது இன்னா வண்டியா? கொசு மருந்து அடிக்கிற மிஷினு. தெருவுல கீற கொசுவெல்லாம் உன்ன பாத்தா ஓடுது.”

“கொசு மருந்துன்னாலும் சொன்ன எடத்துல நிக்கும். உன்னுது ஒத்தியூர் தேரு மாதிரி. நிறுத்தணும்னா நாலு பேரு கட்டை போடணும்.”

எனக்குப் புல்லட்டில் பிடித்தது அந்த நிதானம். டுப் டுப் என்று ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடம் விட்டு ஓடும். அதில் உட்கார்ந்தால் எனக்கும் அவசரம் போய்விடும். வீட்டில் என் வாய்க்குப் பயப்படுகிறவர்கள்கூட நான் வண்டியில் இருக்கும்போது தைரியமாகப் பேசுவார்கள். யெஸ்டி வேறு சாதிச் சாமான். முறுக்கினால் முறைக்கும், எகிறும், இரண்டு சைலன்சரிலும் புகை விடும். உதைக்கிற கம்பியையே மடக்கி விட்டால் அதுவே கியர் கம்பி. “ஒரே கம்பி, ரெண்டு வேல. இத யோசிச்சவன் கால்ல வுழணும்,” என்று ரஷீது வாராவாரம் சொல்லுவான்.

கால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் ஓடுகிற மற்ற வண்டிகளுக்கெல்லாம் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். யெஸ்டியும் அப்படித்தான். என் புல்லட் தலைகீழ், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்னொன்றும் உண்டு. யெஸ்டியில் கியரைக் கீழே மிதித்தால் குறையும், என் புல்லட்டில் கீழே மிதித்தால் கூடும். கையில் இருக்கிற முன் பிரேக்கை எங்கள் பக்கத்தில் யாரும் தொடுவதில்லை. பிடித்தால் வண்டி குப்புறத் தள்ளிவிடும் என்று சைக்கிள் ஓட்டுகிற வயதில் யாரோ சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்குப் பிரேக் என்றால் கால்தான்.

இரண்டாயிரத்து ஒன்று பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை முற்றிப் போய், ரஷீது என் முன்னால் யெஸ்டி சாவியைத் தூக்கிப் போட்டான்.

“பத்து வருஷமா பேசிகினே கீறோம். ஒரு நாளாவது மாத்தி ஓட்னமா? எண்ணூர் வரிக்கும் போய் வரலாம். வூட்ல எம் பொண்டாட்டி தாஹிரா எறா கேட்டுகினு கீது, தாழங்குப்பத்துல வாங்கிக்கலாம். திரும்பி வந்து எது வண்டின்னு நீயே சொல்லு.”

நான் புல்லட் சாவியைக் கொடுத்தேன். “ரைட்டுல கியரு, லெஃப்டுல பிரேக்கு. மறந்துராதடா,” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்போது சிரித்ததை இன்று வரைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போகும்போது அவன் சரியாகத்தான் போனான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் “ரைட்டு கியரு, லெஃப்டு பிரேக்கு” என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே போனான். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பின்னால் யெஸ்டியில் எனக்குள் அதையே தலைகீழாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

தாழங்குப்பத்தில் எறாவை வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு, அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஒரு சுவர் மேல் உட்கார்ந்தோம். ரஷீது புல்லட்டின் டேங்கைத் தடவினான்.

“சோக்கா கீது மாமு. நான் இன்னாவோ நெனச்சேன். இதுல போனா கடன்காரன்கூட சலாம் வெப்பான்.”

“உன்னுது பறக்குதுடா. எனக்கே வயசு கொறஞ்சிட்ச்சு,” என்றேன்.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் தோற்றோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும்போது அவன் ஒப்பிக்கவில்லை. பழகிவிட்டது என்ற நினைப்பு. எர்ணாவூர் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறியதும் ஏதோ ஒரு பாட்டை விசிலடித்தான். அது எனக்குக் கேட்டது. ஒப்பிப்பதை நிறுத்திவிட்டானே என்று தோன்றவும் தோன்றியது. கூப்பிட்டுச் சொல்லவில்லை.

இடது பக்கம் கடல் அரிப்புக்குக் கொட்டின கருங்கல். அதை ஒட்டி ஹார்பருக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் டிரெய்லர்கள் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் வரிசையில் நின்றன. அதில் ஒரு டிரெய்லர் வரிசையை விட்டு வலது பக்கம் வெளியே வந்தது. இண்டிகேட்டர் போட்டிருந்தான். டிரைவர் கையும் வெளியே நீட்டியிருந்தது. நடந்து போகிறவன் வேகத்தில்தான் வந்தான். ரஷீதுக்கும் அதற்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. சின்னப் பிள்ளைகூட நிறுத்திவிடலாம்.

எனக்கும் பதறியது, காலை அழுத்தி மிதித்தேன். இடது காலை. இருபது வருஷமாகப் புல்லட் ஓட்டின கால் அது, பிரேக் என்றதும் அதுதான் போனது. அங்கே யெஸ்டியின் கியர் இருந்தது. கீழே மிதித்ததால் ஒரு கியர் குறைந்து, இன்ஜின் அலறி, வண்டி என்னை முன்னால் தள்ளி வேகம் குறைந்தது. அந்த ஒரு நொடியில் தப்பு புரிந்து வலது காலைப் போட்டேன். நின்றுவிட்டேன்.

அதே நொடியில் முன்னால் ரஷீதின் வலது கால் மிதிப்பதைப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. என் வண்டியின் கியர் டக்கென்று விழுகிற சத்தம் கேட்டது. கீழே மிதித்தால் கூடுகிற கியர். வண்டி வேகம் குறையவே இல்லை, எந்தத் தடையும் இல்லாமல் அப்படியே போய் டிரெய்லரில் மோதியது. அன்று காலைதான் பின்னால் பிரேக் லைட்டுக்குப் புது பல்பு போட்டிருந்தேன். அது எரியவே இல்லை.

பத்து வருஷத்துச் சண்டைக்கு அங்கே தீர்ப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்தோம். அவன் வண்டி என்னை மன்னித்தது. என் வண்டி அவனை மன்னிக்கவில்லை.

நான் ஓடிப் போனபோது டிரைவர் இறங்கி, லுங்கியைப் பிடித்தபடி ரஷீதிடம் குனிந்துகொண்டிருந்தான். என்னைவிடப் பத்து வயது பெரியவன். “தண்ணி, தண்ணி எட்த்துனு வாங்கப்பா,” என்று கத்தினான். ரஷீதுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. ரோடெல்லாம் எறா சிதறிக் கிடந்தது. டிரைவரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி முகத்தில் அடித்தேன். அவன் மேல் தப்பு என்று நினைத்து அடிக்கவில்லை. தப்பில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் அடித்தேன். பிறகு மற்ற வண்டிக்காரர்கள் வந்தார்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். என்ன ஏது என்று கேட்காமல் எல்லோரும் அடித்தார்கள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

போலீஸ் கேட்டபோது, “இண்டிகேட்டர் போடல சார், கையும் காட்டல, திடீர்னு வெட்டிட்டான்,” என்றேன். மோதின பிறகு வந்தவர்கள்தான் மற்றவர்கள் எல்லாம். கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன். அடித்த கையோடு ‘இவன் மேல் தப்பில்லை’ என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த கேள்வி என் சாவியில் வந்து நிற்கும். எழுதினதை வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

டிரைவர் பெயர் எத்திராஜ், மீஞ்சூர்க்காரர் என்பது பிறகு தெரிந்தது. அடியில் அவருக்கு இடது கண் போய்விட்டது. யார் அடித்ததில் போனது என்று யாருக்கும் தெரியாது. முதல் அடி என்னுடையது, அது எனக்குத் தெரியும்.

என் புல்லட்டை வழக்குப் பொருளாக ஸ்டேஷன் வாசலில் மற்ற நசுங்கின வண்டிகளோடு நிறுத்தினார்கள். யெஸ்டி என்னிடமே நின்றுபோனது. கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்குத் தாஹிரா ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினாள், “அண்ணன்கிட்டயே இருக்கட்டும். வேற எவனாவது அத ஓட்னா எனக்கு வயிறு எரியும்.” வியாசர்பாடியில் என் ஹவுசிங் போர்டு வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே அதை நிறுத்தி, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அணைத்தேன். ஓட்டவில்லை.

புருஷன் போனவள் இருக்கிற இத்தா, நாலு மாதம் பத்து நாள், முடிந்ததும் தாஹிரா என்னை வரச் சொன்னாள். அவள் தம்பி அப்சல் கதவுப் பக்கம் நின்றிருந்தான். தாஹிரா ஒரு துணிப்பையிலிருந்து ரஷீதின் செருப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இடது செருப்பு முழுசாக இருந்தது. வலது செருப்பில் வார் அறுந்து தொங்கியது.

“ஒண்ணு கேக்கணும்ணா. நீ சொன்னாத்தான் எனக்கு மனசு ஒப்பும். இவரு பிரேக்க மிதிச்சாராணா?”

“மிதிச்சான்மா.”

“எந்தக் கால்ல? எட்டு வருஷம் பின்னால ஒக்காந்து போய்கீறேன். இவரு வலது கால்லதான் மிதிப்பாரு. அப்சல் சொல்றான், புல்லட்டுக்கு பிரேக்கு இடது பக்கம்னு. அப்படின்னா இவரு தப்பா மிதிச்சி, தானா போய் மோதிகினு செத்தாரா? உன் வண்டில பிரேக் எந்தப் பக்கம்ணா?”

இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை, கம்பெனியில் கேட்கவில்லை, என் பெண்டாட்டிகூடக் கேட்கவில்லை. பதில் ஒரே ஒரு சொல். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

“வலதும்மா,” என்றேன். “பழைய புல்லட்டுக்குத்தான் இடது. நான் மெக்கானிக்கு வெச்சி மாத்திகினேன். எல்லா வண்டி மாதிரியும் வலதுதான்.”

தாஹிரா வாய்விட்டு அழுதாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை. “அப்ப இவரு சரியாத்தான் மிதிச்சிகீறாரு. வார் அறுந்து போற மாதிரி மிதிச்சிகீறாரு,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்சல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது, அதைக் கொடுத்தவன் நான் என்று எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வெட்கம் கெட்டவன் நான், வேறென்ன சொல்ல?

திருவொற்றியூரில் அவர்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் அரை மைல்கூட இல்லை. புல்லட் வெளியேதான் நின்றது. யார் வேண்டுமானாலும் போய்க் குனிந்து பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் அவள் போய்ப் பார்த்துவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டரை வருஷம் ஆனது. திருவொற்றியூர் கோர்ட்டில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட அன்று, வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். கொஞ்சம் தள்ளித் தாஹிராவும் அப்சலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணோடு ஒரு ஆள் என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

எத்திராஜ் கையைக் கூப்பினார்.

“தம்பி, நான் ஒங்களண்ட மன்னிப்பு கேக்கணும். அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். வக்கீலு, பேசாதன்னு சொல்லிட்டாரு.”

கூப்பின கையை அவர் இறக்கவில்லை.

“இருவத்தாறு வருஷமா வண்டி ஓட்றேன் தம்பி. இண்டிகேட்டர் போடாம திருப்ப மாட்டேன். அன்னிக்கும் போட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். கையும் காட்னேன்னு நெனச்சேன். ஆனா நீங்க கண்ணால பாத்தவரு, இல்லன்னு எழுதிக் குடுத்துகீறீங்க. ஒங்களுக்கு இன்னா எம்மேல பகையா? பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப நான்தான் போடல போலகீது. தெனமும் கண்ண மூடிகினு யோசிக்கிறேன் தம்பி. மொதல்ல எல்லாம் இண்டிகேட்டர் போட்றது தெரியும். இப்பல்லாம் போடாததுதான் தெரியுது.”

அவருக்குக் கண்ணீர் ஒரு கண்ணில்தான் வந்தது. “அந்தப் பொண்ணு கிட்ட நேரா போய்ச் சொல்ல எனக்கு தெகிரியம் இல்ல. நீங்க சொல்லுங்க. உள்ள போனா நானே தப்ப ஒத்துக்கப் போறேன்,” என்றார்.

அந்த ஆளின் கண்ணை எடுத்தோம், வேலையை எடுத்தோம். அதோடு விட்டேனா? அவர் தலைக்குள் புகுந்து, அவர் கண்ணால் பார்த்ததையே மாற்றி வைத்திருக்கிறேன். சீ என்று என் மேல் எனக்கே வந்தது. இந்த ஆள் ஜெயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், சாகும் வரைக்கும் ரஷீதைக் கொன்றவனாகவே இருந்து சாவார். என் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

உள்ளே கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அரசு வழக்கறிஞர், சம்பவம் எப்படி நடந்தது என்று கேட்டார். எதிரே எத்திராஜ் கைகட்டி நின்றார். பின் பெஞ்சில் தாஹிரா. நான் அவளைப் பார்க்காமல் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தேன்.

“ஐயா, அந்த வண்டிக்குப் பிரேக் இடது பக்கம்,” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இண்டிகேட்டர், நீட்டின கை, மூன்று தடவை மிதித்த வலது கால், எரியாத விளக்கு, நான் அடித்த முதல் அடி. அரசு வழக்கறிஞர் பாதியில் எழுந்து, என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். பொய் சொன்ன இரண்டரை வருஷமும் நான் நல்ல சாட்சியாக இருந்தேன். எத்திராஜ் எதுவும் புரியாதவர் போலத் தன் வக்கீலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இறங்கும்போது பின் பெஞ்ச் காலியாக இருந்தது.

நாலு மாதம் கழித்து எத்திராஜை விடுதலை செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒற்றைக் கண்ணுக்கு லாரி லைசென்ஸ் தர மாட்டார்கள். மீஞ்சூரில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். அவருக்கு இப்போது எது ஞாபகம் வருகிறதோ, தெரியாது. போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை.

தாஹிரா கோர்ட்டுக்கு மறுநாளே வந்தாள். அப்சல் கூட வந்தான். வீட்டுக்குள் கூப்பிட்டோம், வரவில்லை. என் பெண்டாட்டி கொண்டுவந்த தண்ணீரையும் வாங்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே போய் யெஸ்டியைப் போர்த்தியிருந்த சாக்கைத் தானே எடுத்தாள். நான் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

“நான் சொல்லியிருக்கணும்மா. நீ தாங்க மாட்டேன்னு,” என்று ஆரம்பித்தேன்.

“நான் தெனமும் ஸ்டேஷன் வழியாத்தான் போறேன்ணா,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “உன் வண்டி வாசல்லதான் நிக்குது. ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கலாம். அப்சல் கூட்டினு போறேன்னு எத்தினி தடவ சொன்னான். நீ வலதுன்னு சொல்லிட்டியே, அப்பறம் இன்னாத்துக்குப் பாக்கணும்னு இருந்துட்டேன்.”

எடுத்த சாக்கை மடித்துப் படிக்கட்டில் வைத்தாள்.

“நேத்து கோர்ட்லேர்ந்து நேரா போய்ப் பாத்தேன்,” என்றாள்.

அப்சல் வண்டியில் ஏறி உதைக்கக் காலைத் தூக்கினான். அவள் வேண்டாம் என்றாள். அவன் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். அவள் பின் சீட்டில், எட்டு வருஷம் உட்கார்ந்து போன இடத்தில் கை வைத்துத் தள்ளினாள். வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள் என்று பிறகு சொன்னார்கள். தெருமுனை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடப் போய் ஒரு கை கொடுக்கலாம் என்று தோன்றியது, போகவில்லை.